ஜனனி நோக்கம்

புனிதா டீச்சர் வெண்பலகையின் மூலையில் தேதியைப் போட்டுவிட்டு, அதன் கீழே நீல மையில் பாட நோக்கத்தை எழுதத் தொடங்கியதுமே பின்னால் நாற்காலிகள் நகர்ந்தன. நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் ஏழு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எழுதி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து அதை உரக்க வாசிக்க வேண்டும். ஐந்து வாரமாக அதுதான் வகுப்பின் வழக்கம்.

"இப்பாட இறுதியில் மாணவர்கள் மழை நாள் என்னும் தலைப்பில் எண்பது சொற்களில் கட்டுரை எழுதுவர்."

அதற்கு அடுத்த வரி சிவப்பு மையில் இருந்தது.

"ஜனனி ஐந்து சொற்களைப் பார்த்து எழுதுவாள்."

அதையும் ஏழு பேரும் வாசித்தார்கள். ஜனனியும் வாசித்தாள். அவள் குரல் மற்றவர்களுடையதைவிட அரை நொடி பிந்தி வந்ததால், கடைசிச் சொல்லை மட்டும் அவள் தனியாகச் சொல்லி முடிப்பதுபோல் இருந்தது.

சிரம்பானில் நடந்த ஒரு பயிற்சியில் புனிதா இதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள். எங்கே போகிறது என்று தெரியாத பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள் என்று பயிற்றுநர் சொன்னார். நோக்கத்தை எழுதுங்கள், வாசிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் நோக்கம் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்றார். புனிதா அதை முழுமனதாக நம்பினாள். தினமும் காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று ஏழு பிள்ளைகளின் பெயரையும் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் அவள் காரை எடுப்பாள். அந்த ஏழு பேரில் ஜனனியின் பெயரைச் சொல்லும்போது மட்டும் கண்ணை இன்னும் கொஞ்சம் இறுக மூடுவாள். ஜனனிக்கு எழுத்துகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. மற்ற பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதும் நேரத்தில் அவள் இரண்டு வரி எழுதுவாள். அதிலும் பாதி கலைந்து கிடக்கும். நாள்தோறும் தோற்றுத் தோற்று வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு, ஒரு நாளாவது ஜெயிக்கும்படி ஒரு நோக்கத்தைக் கொடுத்தால் என்ன? அப்படித்தான் அந்தச் சிவப்பு வரி வந்தது. பாட முடிவில் ஜனனியின் பெயருக்குப் பக்கத்தில் புனிதா ஒரு நட்சத்திரம் வரைவாள். நோக்கத்தை எட்டிய மற்றவர்களுக்கும் நட்சத்திரம் உண்டு, ஆனால் அவர்களுக்கு என்றைக்காவது தவறும். ஜனனிக்குத் தவறாமல் கிடைத்தது. அந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு அவள் திரும்புவாள். ஜனனி மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெட்கப்படுகிறாள் என்று புனிதா நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது வாரத்தில் லோகேஷ் கையைத் தூக்கினான். வகுப்பில் அவன்தான் கெட்டிக்காரன்.

"டீச்சர், எனக்கும் ஜனனி நோக்கம் போடுங்க லா. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டு பந்து வெளாடப் போயிருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். புனிதா அவனை உட்காரச் சொன்னாள். ஆனால் அவளுக்கும் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தைகள் பெரியவர்களின் வாயைவிட உதட்டோரத்தைத்தான் அதிகம் கவனிக்கிறார்கள். அன்றைக்கே அந்தச் சொல் வகுப்பறையைத் தாண்டி வெளியே போனது.

லாபு சாலையிலிருந்து எண்ணெய்ச் செம்பனைகளுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிற பள்ளி அது. மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள். அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு கேலி முழுசாகச் சுற்றி வர ஒரு இடைவேளை போதும். திடலில் பந்து மெதுவாக உருண்டு வந்தால் "ஜனனி நோக்கம்டா, புடி" என்றார்கள். கணக்கில் ஒன்றும் ஒன்றும் கூட்டச் சொன்னால் "ஜனனி நோக்கம்" என்றார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜனனி யார் என்றுகூடச் சரியாகத் தெரியாது. அவர்களும் காலணிக் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு அதைச் சொன்னார்கள். ஆசிரியர் அறையில் ஒரு நாள், நகல் இயந்திரத்தில் காகிதம் சிக்கிக்கொண்டபோது மோகனா டீச்சர் அதை இழுத்து எடுத்துவிட்டு, "ஜனனி நோக்கம்" என்று கையைத் தட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். யாருடைய சிரிப்பிலும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அதில் இருந்த கொடுமை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் யாராவது ஒருவராவது வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பார்கள்.

பெற்றோர் சந்திப்பு நாளன்று பஞ்சாலை என்ற பெயருடைய ஜனனியின் அம்மா கடைசியாக வந்தாள். நீலாயில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து, சீருடையைக்கூட மாற்றாமல் நேராக வந்திருந்தாள். மகளின் மதிப்பெண்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு வருகையைக் கைப்பேசியில் பதிய வேண்டும் என்று புனிதா சுவரில் ஒட்டியிருந்த கட்டம் கட்டமான கியூஆர் குறியைக் காட்டினாள். பஞ்சாலை கைப்பேசியை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"எனக்கு இதெல்லாம் வராது டீச்சர். தப்பா அமுக்கிட்டன்னா?"

காலையிலிருந்து ஒரே விஷயத்தைப் பலருக்கும் சொல்லிச் சொல்லிப் புனிதாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவள் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டே, "ஒண்ணும் இல்லக்கா. ஜனனி நோக்கந்தான் இது. ஒரு தடவ அமுக்குனா முடிஞ்சிச்சு" என்றாள்.

பக்கத்து மேசையிலிருந்த மோகனா களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் புனிதாவுக்குத் தான் சொன்னது காதில் விழுந்தது. பஞ்சாலை, மற்றவர்கள் சிரிப்பதால் தானும் சிரிக்க வேண்டும் என்பதுபோல் சிரித்தாள்.

"அப்டின்னா என்னா டீச்சர்?"

அம்மாவின் பின்னால், அம்மாவின் சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜனனிதான் பதில் சொன்னாள்.

"ஈசின்னு அர்த்தம்மா."

அன்றிரவு புனிதா சாப்பிடவில்லை. மறுநாள் காலை வகுப்புக்குள் போனதும் முதல் வேலையாக அந்தச் சிவப்பு வரியை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். ஆனால் வாசலிலேயே தலைமையாசிரியர் அமிர்தலிங்கம் நின்றிருந்தார். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து வியாழக்கிழமை அதிகாரி வருகிறார், உங்கள் வகுப்பைத்தான் பார்க்கப் போகிறார் என்றார்.

"பேரு போட்டு நோக்கம் எழுதுறீங்க பாருங்க, அத அப்டியே வச்சிருங்க டீச்சர். அவங்களுக்கு அதான் வேணும். நம்ம ஸ்கூலு பேரு கொஞ்சம் நல்லா வரட்டும்."

"சார், அந்தப் பிள்ளைக்கு அது கஷ்டமா இருக்கு."

"ரெண்டு நாளுதானே டீச்சர். அப்பறம் உங்க இஷ்டம்."

இரண்டு நாள்தானே என்று புனிதாவும் நினைத்தாள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று அவள் மறந்துபோனாள். அதை மறக்காமல் ஆசிரியர் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஆண்டவன் அவர்களை நன்றாக வைக்கட்டும். அன்று மாலை அவள் கடைக்குப் போய், முயல் படம் போட்ட பென்சில் பெட்டி ஒன்றை வாங்கிவந்து மறுநாள் ஜனனியிடம் கொடுத்தாள். "தேங்க்யூ டீச்சர்" என்று வாங்கிக்கொண்ட ஜனனி, யார் கண்ணிலும் படாமல் பையின் அடியில் அதை வைத்தாள்.

வியாழக்கிழமை சந்திரன் என்ற அந்த அதிகாரி வந்தார். அமைதியான மனிதர். கடைசி வரிசையில் சிறுபிள்ளைகளின் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பலகையில் இருந்த இரண்டு வரிகளையும் படித்தார். பிள்ளைகள் எழுதத் தொடங்கியதும், அவர்களுக்கு நோக்கம் புரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே, ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். லோகேஷ் சொன்னான். ஷ்வேதா சொன்னாள். பிறகு ஜனனியின் மேசைக்கு வந்தார்.

"உன் பேரு என்னம்மா?"

"ஜனனி சார்."

"இன்னிக்கு உன்னோட நோக்கம் என்னா?"

ஜனனி எழுந்து நின்றாள். பலகையைப் பார்க்கவில்லை. "ஜனனி ஐந்து சொற்களைப் பார்த்து எழுதுவாள்" என்று ஒரு எழுத்தும் பிசகாமல் சொன்னாள்.

"மத்தவங்க?"

"மத்தவங்க கட்டுரை எழுதுவாங்க சார்."

"நீ எழுதமாட்டியா?"

"எனக்கு வராது சார். அதான் தனியா போட்டிருக்காங்க."

முன் வரிசையில் இரண்டு முதுகுகள் குலுங்கின. புனிதா மார்க்கரின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அதிகாரி இருக்கும்போது பாடத்தின் நடுவே ஆசிரியர் குறுக்கிடக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. அந்த விதிக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டாள்.

சந்திரன் தாளில் எழுதினார். வெளியே வந்ததும் புனிதாவிடம் அதைக் காட்டினார். நோக்கத்தைத் தெளிவாகப் பகிர்தல் என்ற இடத்தில் நான்குக்கு நான்கு.

"பல ஸ்கூலுல பிள்ளைங்கள கேட்டா முழிக்கும் டீச்சர். இங்க அந்தப் பிள்ளைக்கே தன்னோட நெல தெரிஞ்சிருக்கு. ரொம்பத் தெளிவு."

தலைமையாசிரியர் கேண்டீனிலிருந்து எல்லோருக்கும் கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த கறிபாப் வரவழைத்தார். ஜனனி தன் பங்கைக் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, மணி அடிக்கும்வரை காத்திருந்து, எல்லோரும் போனபிறகு புனிதாவின் மேசைக்கு வந்தாள்.

"டீச்சர், நான் நல்லா சொன்னேனா? உங்களுக்கு மார்க் குடுத்தாரா?"

"ரொம்ப நல்லா சொன்னம்மா" என்றாள் புனிதா.

அன்றைக்கு ஜனனி ஏறியதும் பள்ளி வேனில் என்ன நடந்தது என்பது புனிதாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. லோகேஷ் தொடங்கி வைத்தான். வேன் செம்பனைச் சாலையில் குலுங்கிக்கொண்டு போக, பிள்ளைகள் எல்லோரும் கைதட்டி, "எனக்கு வராது சார், எனக்கு வராது சார்" என்று தாளத்தோடு சொல்லிக்கொண்டே போனார்கள். ஓட்டுநர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாராம். ஷ்வேதா மட்டும் கைதட்டவில்லை என்று ஷ்வேதாவே சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

வெள்ளிக்கிழமை ஜனனி வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாயன்று புனிதா சிவப்பு வரி இல்லாமல் நோக்கத்தை எழுதினாள். ஆறு பிள்ளைகள் எழுந்து நின்று வாசித்தார்கள். லோகேஷின் குரல் எல்லோரையும்விடச் சின்னதாக இருந்தது. பள்ளி விட்டதும் அவள் காரை ஜனனி குடியிருந்த தோட்டத்துக்குள் திருப்பினாள்.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் இப்போது இரண்டு தமிழ்க் குடும்பங்கள்தான் இருந்தன. மற்ற வீடுகளில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த ஆட்கள் இருந்தார்கள். புனிதா காரிலிருந்து இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. கடைசி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கூரையின் நுனிக்குக் கீழே நின்று பஞ்சாலை துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அவள் முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் புனிதாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இனிமே போகமாட்டேன்னு சொல்லுது டீச்சர். அடிச்சுப் பாத்துட்டேன். கையக் கட்டிக்கிட்டு நின்னு அடி வாங்குது. அழுவக்கூட இல்ல."

"என் மேலதான் தப்புக்கா. அதுக்கு நல்லது பண்றதா நெனச்சிட்டேன்."

பஞ்சாலை துணிகளை மார்போடு அணைத்துக்கொண்டு மழையைப் பார்த்தாள்.

"எங்க பேக்டரி லைன்லயும் போர்டு இருக்கு டீச்சர். பேரு போட்டு, ஆளாளுக்கு எத்தன பெட்டின்னு எழுதியிருக்கும். போன வருஷம் எனக்கு மணிக்கட்டு வீங்கிருச்சு. சூப்பர்வைசர் ரொம்ப நல்ல மனுஷன். பாவம்னு என் பேருக்கு மட்டும் கொறச்சு எழுதுனாரு. எல்லாரும் பாக்கறாப்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மூணு மாசம் நான் கக்கூஸ்ல ஒக்காந்துதான் டீச்சர் சாப்ட்டேன். அவரு நல்லவரு. அதனால அவருகிட்ட என்னான்னு சொல்றது?"

புனிதா கதவின் பக்கம் திரும்பினாள்.

"ஜனனி. டீச்சர் வந்திருக்கேம்மா. பேர அழிச்சிட்டேன். இனிமே எழுதமாட்டேன்."

பிறகு கதவுக்கு மிக அருகிலிருந்து குரல் வந்தது. பிள்ளை கதவில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அழிச்சாலும் எல்லாருக்கும் தெரியுமே டீச்சர்."

மன்னிப்புக் கேட்கத் தனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் பெரியவர்களுக்கு உரியவை என்று புனிதாவுக்குத் தோன்றியது. பஞ்சாலை துணிகளோடு பின்பக்கமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். சாரல் சிமெண்டுத் தரையைப் பாதிவரை நனைத்துவிட்டிருந்தது. புனிதாவின் காலணிகள் ஊறிப்போயின. வீட்டுக்குப் போகலாம் என்று அவள் நினைக்கவில்லை. நின்றாள். பத்து நிமிடம் இருக்கலாம், இன்னும் கூடுதலாகவும் இருக்கலாம். செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரி ஒன்று சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனது.

அப்போது கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டாக இருந்ததால் முகம் தெரியவில்லை. ஒரு சின்னக் கை, பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைத் தரையோடு தள்ளி, சாரல் படாத சுவரோரமாக வைத்தது. முக்காலி ஆடாமல் நிற்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்தது. பிறகு கை உள்ளே போய்விட்டது. கதவு சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காகப் புனிதா காத்திருந்தாள். மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது.