ஐந்து முறை சொன்ன வார்த்தை

"மறுபடி சொல்லு," என்றாள் அமீஸ்.

"அண்ணி, வழியெல்லாம் சொல்லிக்கிட்டுத்தானே வரேன்."

"சொன்னா வாய் தேஞ்சா போயிடும்? சொல்லு."

ஹவீஸ் சொன்னாள். பெந்தெகொஸ்தே திருநாளுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. பொழுது உச்சிக்கு ஏறுமுன். தோர்ஸ்பி ஊரின் கீழ் மேய்ச்சலில். கடவுளின் அமைதியிலும் அரசரின் அமைதியிலும் நான் இருந்தபோது, ட்ரோகோ வந்து என்னை மண்ணில் தள்ளி, என் விருப்பத்துக்கு மாறாக என் உடலை வன்முறையாக எடுத்தான். நான் உரக்கக் கத்தினேன். கத்தல் கேட்டு என் அண்ணி வந்தாள். கிழிந்த உடையை ஊருக்குக் காட்டினேன்.

"உச்சிக்கு ஏறுமுன்னா, ஏறுறதுக்கு முன்னாலயா?"

"ஏறுமுன்."

"ஆங். அதான். அதுல கோட்டை விட்டுடாதே."

சட்டம் அப்படி. வன்முறைக்கு ஆளான பெண் தன் வாயாலேயே வழக்குச் சொல்ல வேண்டும். மாவட்ட நீதிமன்றம் கூடும்போதெல்லாம் போய், முதல் முறை சொன்ன அதே வார்த்தைகளை மறுபடி சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை கூடினாலோ குறைந்தாலோ வழக்கு விழுந்துவிடும். விழுந்தால் பொய் வழக்குப் போட்டாள் என்று அவளுக்கே சிறை. இந்தச் சட்டத்தைச் செய்த மகராசன் யாரோ தெரியாது. அவன் பெண்ணாகப் பிறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். ஹவீஸ் நான்கு மாதம் நான்கு முறை சொல்லிவிட்டாள். இன்று ஐந்தாவது, கடைசி. அரசர் அனுப்பிய நீதிபதிகளே நகரத்துக்கு வந்திருந்தார்கள். இதில் தேறினால் ட்ரோகோவுக்குத் தண்டனை.

ஐப்பசிச் சேறு மாதிரிச் சேறு. பதினோரு மைல். அமீஸின் காலணிக்குள் தண்ணீர் போய் நடக்கும்போதெல்லாம் சத்தம் போட்டது. வீட்டில் மூன்று பிள்ளைகளைப் புருஷனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நாத்தனாரோடு அவள் நடக்கும் ஐந்தாவது நடை இது. அவளும் ஒவ்வொரு முறையும் சிலுவையைத் தொட்டு, கத்தல் கேட்டது, போனேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

நீதிமன்றம் கூடும் கோட்டையின் வாசலுக்கு எதிரே இருந்த மதுக்கடையில் உட்கார்ந்தார்கள். கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. உள்ளே ஹாமோ என்ற பாட்டுக்காரன் மூன்று தந்தி வாத்தியத்தை மடியில் வைத்துப் பாடிக்கொண்டிருந்தான். குதிரையில் போகிற வீரன் மேய்ச்சலில் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அவன் விடவில்லை. மறுபடி வேண்டாம் என்கிறாள். கடைசியில் சிரித்துவிடுகிறாள், நாளைக்கும் இந்தப் பக்கம் வாருங்கள் என்கிறாள். கடையே சேர்ந்து பாடியது.

ஜூலையில் அவன் பாடியபோது பாட்டில் அந்தப் பெண் ஆடு மேய்த்தாள். ஆகஸ்டில் அவளுக்கு நீல முக்காடு வந்தது. இன்று வாத்து மேய்த்தாள். ஹவீஸ் தன் நீல முக்காட்டை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அண்ணனின் வாத்துகளை அவள் மேய்த்தது மாவட்டம் முழுக்கத் தெரியும்.

"மாசத்துக்கு ஒரு பாட்டுப் பாடறான். அவனை யாரும் ஜெயில்ல போடலை பாருங்க," என்றாள்.

"ஊர் வாயை மூட உலைமூடி ஏது? காதைப் பொத்திக்கோ," என்றாள் அமீஸ். ஆனால் அவளே எழுந்துபோய்ப் பாட்டுக்காரன் முன்னால் நின்றாள். "ஏம்பா, உனக்கு அக்கா தங்கச்சி உண்டா?"

"இருக்காங்கம்மா, ரெண்டு பேர்."

"அவங்க என்ன மேய்க்கறாங்க? அதையும் பாடறது."

சிலர் சிரித்தார்கள். ஹாமோ தலையைச் சொறிந்தான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. எது விலைபோகிறதோ அதைப் பாடுகிறவன்.

கூப்பிட்டார்கள்.

ட்ரோகோ சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு வந்திருந்தான். பிரபுவின் பண்ணை அதிகாரி அவன் அப்பா. யார் வயலுக்கு எப்போது ஏர் வரும் என்பது அந்த மனுஷன் வாயில் இருந்தது. மூன்றாவது முறைக்கு முன்னால், பையன் அவளைக் கட்டிக்கொள்ளத் தயார், வழக்கை விட்டுவிடுங்கள் என்று ஆள் விட்டார்கள். ஓநாய்க்கு ஆட்டைக் கட்டிவைக்கிறதா சமாதானம் என்று கேட்டு அமீஸ் கதவைச் சாத்தினாள்.

ட்ரோகோவின் வக்கீல், முதல் முறை அவள் சொன்னதை எழுதிய தோல்சுருளை விரித்து, வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அவள் பேசுவது தன் ஊர் இங்கிலீஷில். எழுத்தர் அதை எழுதியது லத்தீனில். நீதிபதிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டது பிரெஞ்சில். இத்தனை பாஷைக்குள் புகுந்து வந்தும் மாறக்கூடாதது அவள் வாய்ச்சொல் ஒன்றுதான்.

அவள் ஆரம்பித்தாள். வக்கீலின் விரல் கூடவே நகர்ந்தது. செவ்வாய்க்கிழமை. ஏறுமுன். கீழ் மேய்ச்சலில். முதல் முறை சொன்னபோது ஒவ்வொரு வார்த்தையும் தொண்டையை அறுத்தது. இப்போது ஒன்றுமில்லை. யாரோ ஒருத்திக்கு நடந்ததை யாரோ ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் உரக்கக் கத்தினேன்" என்ற இடத்தில் மட்டும், போன நான்கு முறை போலவே, பார்வை தரைக்கு இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் கடந்தாள்.

வக்கீலின் விரல் சுருளின் அடியில் வந்து நின்றது. ஒரு சொல் பிசகவில்லை. அமீஸ் மூச்சை விட்டாள்.

வக்கீல் சுருளைச் சுருட்டினார். "ஐயா, அஞ்சு தடவை கேட்டாச்சு. மூச்சு விடற இடம் கூட மாறலை. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லை. உண்மையிலயே அனுபவிச்சவ இப்படியா சொல்வா? யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. கிளிப்பிள்ளை ஒப்பிக்குது. எதிர்க் கடையில ஒருத்தன் பாடறானே, அதைவிட இது நல்லாத் தாளம் தப்பாம இருக்கு."

நீதிபதிகளில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

தீர்ப்புச் சொல்ல அழைக்கப்பட்ட ஊரார் பன்னிரண்டு பேர் ஒதுங்கிப் போய்க் கூடிப் பேசினார்கள். பேசியது கொஞ்ச நேரம்தான். எல்லோருக்கும் வயல் இருந்தது, எல்லோருக்கும் ஏர் வேண்டும். ட்ரோகோமேல் குற்றம் இல்லை என்றார்கள். பொய் வழக்குக்குச் சிறை என்றார் நீதிபதி. பிறகு சேறு படிந்த அவள் கால்களைப் பார்த்து, ஏழை, சிறை வேண்டாம், போகட்டும் என்றார். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த வழக்கு ஒரு மாட்டைப் பற்றியது.

ஹவீஸுக்கு அழுகை வரவில்லை. உட்கார வேண்டும் என்றுதான் தோன்றியது. மதுக்கடையில் அதே பலகை காலியாக இருந்தது. அமீஸ் காலணியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு கிண்ணம் வந்தது.

நீதிமன்றத்திலிருந்து வந்த கூட்டம் கடையை நிறைத்தது. ட்ரோகோவின் சிநேகிதர்களும் அதில் இருந்தார்கள். வாத்துக்காரி பாட்டைப் பாடச் சொன்னார்கள். ஹாமோ அவளைப் பார்த்துவிட்டு வேறு பாட்டு எடுத்தான். அவர்கள் விடவில்லை. அவன் பாடினான். சிரிக்கிற இடம் வந்தது.

"அவ சிரிக்கலை," என்றாள் ஹவீஸ்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் வாத்தியம் நின்றது.

ஹாமோ மெதுவாகக் கேட்டான். "சரிம்மா. சிரிக்கலை. பின்னே, கத்தினாளா?"

"கத்தவும் இல்லை. வாயைத் தொறந்தா. சத்தம் வரலை."

பக்கத்தில் அமீஸின் கை கிண்ணத்தோடு அப்படியே நின்றது.

"கோர்ட்டுல கத்தினேன்னு சொன்னியே," என்றான் ஒருவன்.

"கத்தலைன்னா கோர்ட்டு வாசப்படியே ஏற விடமாட்டாங்களே. அது கோர்ட்டுக்குச் சொன்னது."

தன் வாயாலேயே ஒத்துக்கொண்டாள் என்று நாளைக்கு ஊர் பேசும். பேசட்டும். அவளுக்குக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

ஹாமோ தந்தியை ஒருமுறை தடவிப் பார்த்தான். "சத்தமே இல்லைன்னா அதை எப்படிம்மா பாடறது? பாட்டுன்னா ஒண்ணு சிரிப்பு வேணும், இல்லை கூக்குரல் வேணும்."

"அப்ப பாடாதே," என்றாள் ஹவீஸ்.

கடையை விட்டு எழுந்து ஊர் வழியில் பாதி மைல் வந்திருந்தார்கள். வெயில் கொஞ்சம் எட்டிப்பார்த்தது. ஹவீஸ் பயந்துகொண்டே நடந்தாள். வீட்டுக்கு வந்து பேசாமல் நின்ற அந்த நாளில், "கத்தினேதானே? கத்தினேன்னு சொல்லு," என்றவள் அண்ணிதான். ஐந்து முறை சிலுவையைத் தொட்டவளும் அவள்தான். அத்தனையும் பொய்ச் சத்தியம் என்று கடை நடுவே போட்டு உடைத்தாயிற்று.

"அண்ணி, கோவமா?"

அமீஸ் நின்றாள். காலணியைக் கழற்றி, இல்லாத கல்லைத் தட்டினாள்.

"எனக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"நீ கத்தலைன்னு. அன்னைக்குப் பட்டாணி வயல்ல களை எடுத்துக்கிட்டு இருந்தேன். நடுவுல ஒரு வேலிதான். நீ கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்காதா?"

"அப்புறம் ஏன் கேட்டேன்னு சத்தியம் பண்ணீங்க?"

அமீஸ் காலணியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"சத்தம் கேட்டுது. அது பொய்யில்லை. வாத்துங்க கத்துச்சு. அத்தனையும் ஒண்ணாக் கத்துச்சு, உயிர் போற மாதிரி. நரி வந்திருக்கும், நீ இருக்கியே, பார்த்துக்குவேன்னு நினைச்சேன். குனிஞ்ச இடுப்பு நிமிரலை. ரெண்டு வரிசைதான் மிச்சம், முடிச்சுட்டுப் போகலாம்னு இருந்துட்டேன்." அவள் குரல் இறங்கியது. "ரெண்டு வரிசை, ஹவீஸ். நான் வரலை. சிலுவையைத் தொட்டு வந்தேன் வந்தேன்னு அஞ்சு தடவை சொல்லிட்டேன். ஒரு தடவையாவது நிஜமாயிடாதான்னு பார்த்தேன்."

ஹவீஸ் அவளையே பார்த்தாள். வாத்துகள். அத்தனை வாத்துகளும் கழுத்தை நீட்டிச் சிறகடித்துக் கத்தின. சேற்றில் முகம் கிடந்தபோது அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான். முதல் நாள் சொன்னதில் அது இல்லை. அதனால் பிறகும் சொல்லக்கூடாமல் போயிற்று. சொல்லாமல் சொல்லாமல் அது நடந்ததே அவளுக்கு மறந்துவிட்டது.

"ஆமா," என்றாள். "அதுங்கதான் கத்துச்சு."

அமீஸ் காலணியைக் கீழே போட்டுக் காலை நுழைத்தாள். இரண்டு கன்னமும் நனைந்திருந்தன. துடைத்துக்கொள்ளவில்லை.

"சொல்லு," என்றாள். காலையில் சொன்ன "சொல்லு" இல்லை இது.

"எதை?"

"நடந்ததை. நான் கேக்கவே இல்லையே உன்னை."

ஹவீஸ் நடந்துகொண்டே சொன்னாள். செவ்வாய்க்கிழமையில் ஆரம்பிக்கவில்லை, காலையில் ஒரு வாத்து நொண்டியதில் ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தி, இல்லை, அதுக்கு முன்னாடி, என்று பின்னால் போனாள். சொன்னதையே வேறு மாதிரி சொன்னாள். ஓர் இடத்தில் அழுகை வந்தது, அழுதாள். அமீஸ் எந்த இடத்திலும் திருத்தவில்லை. ஊர் எல்லைக்கு வந்தபோதும் அவள் சொல்லி முடித்திருக்கவில்லை. இருவரும் எல்லைக்கல்லின்மேல் உட்கார்ந்தார்கள்.