மரகதராணியின் தாலி

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் அந்த வருடம் காய்ச்சல் மாதிரிப் பரவியது மரகதராணி நாடகம். பேச்சுக்கு இடமே இல்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை பாட்டுதான். போரில் மாண்ட ராஜாவை மடியில் கிடத்தி ராணி ஒப்பாரி வைப்பாள். வீரய்யா கிழவி வேடத்தில் வந்து அவள் தாலியை அறுப்பார். அந்த இடத்தில் அழாத பெண் லயத்து வீடுகளில் கிடையாது. கதை தெரிந்தும் அழுவார்கள். சொல்லப்போனால் அழுவதற்கென்றே வருவார்கள்.

அந்த ராணி யார் என்றால், பூரணியின் புருஷன் சோலைமலை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப்போன கை, சேலை கட்டிவிட்டால் எப்படித்தான் அப்படிக் குழையுமோ!

வழக்கமாக விடிய விடிய நடக்கிற நாடகம். ராத்திரி மேளம் அடித்தால் தோட்டத்துத் துரைக்குத் தூக்கம் கெடுகிறதாம். அதனால் இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் வைத்துக்கொள்ளும்படி உத்தரவு.

பார்த்து அன்றைக்கென்று பூரணியின் தாலிக்கயிறு இற்றுப்போயிருந்தது. தானாக அறுந்து விழுவதற்குள் மாற்றியாக வேண்டும். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாதே என்று, நாடகத்துக்காக மஞ்சள் துண்டு கோத்து வைத்திருந்த கயிற்றை எடுத்து முதலில் கட்டிக்கொண்டாள். பிறகு பொட்டுத்தாலியைப் பழைய கயிற்றிலிருந்து உருவிப் புதுக் கயிற்றில் கோத்து, மஞ்சள் பூசி, சாமி படத்துக்கு முன்னால் தட்டில் வைத்தாள். எமகண்டம் கழிந்ததும் மாற்றிக் கட்டிக்கொள்ளலாம் என்று பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

திரும்பி வந்தால் தட்டு காலி.

"சோலைமலை அண்ணன்தான் ஓடியாந்து எடுத்துக்கிட்டுப் போனாரு. நாடகத்துத் தாலின்னாரு" என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டு லெட்சுமி.

பூரணி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். நாடகத்துத் தாலி தன் கழுத்தில் கிடக்கிறது. தன் தாலியை அவன் கொண்டுபோயிருக்கிறான். ஊரே பார்க்க அதை அறுக்கப் போகிறார்கள். கட்டியவளின் தாலி அறுபட்டால் அது யார் தலையில் விடியும்? அவன் தலையில்தானே! குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள்.

திரைக்கு வெளியே நின்றது ஆண்டியப்பன். நாடக வாத்தியாரும் அவர்தான், ராஜாவும் அவர்தான். அரிதாரம் பூசிப் பூசை போட்ட பிறகு வேடக்காரரிடம் வீட்டார் பேசக் கூடாது, திரைக்குப் பின்னால் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

"மாமா, அவருகிட்ட ஒரே ஒரு வார்த்த சொல்லணுங்க."

"எவருகிட்ட? இங்க சோலைமலைன்னு யாரும் இல்லம்மா. ராணிதான் இருக்காங்க. எதுவா இருந்தாலும் முடிஞ்சப்பறம் பேசிக்க. போய் உக்காரு."

'என் தாலியை அறுக்கப் போறீங்க' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்ற பயம். நாக்கில் அந்தச் சொல் தவிக்கும்போதே ஆர்மோனியம் எழுந்தது. பூரணி போய் லெட்சுமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ராஜா பாடினார், ராணி பாடினாள், சனம் கைதட்டியது. பூரணிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. புருஷன் கழுத்தில் தொங்கிய மஞ்சள் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜா போருக்குப் போனார், மாண்டார். ராணி அவரை மடியில் கிடத்தி ஒப்பாரியை எடுத்தாள். பெண்கள் முந்தானையை எடுத்தார்கள். கிழவி வீரய்யா நிசக் கவ்வாத்துக் கத்தியோடு வந்து, ராணியின் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"அறுக்காதீங்க!"

எழுந்து நின்று கத்தியது தான்தான் என்பது பூரணிக்கே பிறகுதான் தெரிந்தது. ராணிக்காகத்தான் இவள் உருகுகிறாள் என்று நினைத்த லெட்சுமியும் எழுந்தாள்.

"ஆமா, அறுக்காதீங்க! எத்தன தடவதான் அந்த மனுசனச் சாகடிப்பீங்க?"

அவ்வளவுதான். இத்தனை நாளும் அழுதே தீர்த்த பெண்களுக்கு அழாமலும் இருக்கலாம் என்று அன்றுதான் தோன்றியது போல. மொத்தப் பேரும் எழுந்துவிட்டார்கள். நாலைந்து பேர் மேடையிலேயே ஏறினார்கள். வீரய்யா கத்தியைப் போட்டுவிட்டுப் பின்வாங்கினார். செத்துக் கிடந்த ஆண்டியப்பன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். ஆர்மோனியக்காரர் புத்திசாலி, ஒப்பாரியை விட்டுவிட்டுக் கல்யாணப் பாட்டுக்குத் தாவினார். ராஜா எழுந்து உட்கார்ந்து, மயக்கம் தெளிந்ததாக ஏதோ ஒரு வரியை அங்கேயே கட்டிப் பாடினார். குலவைச் சத்தத்தில் லயத்துத் தகரம் அதிர்ந்தது.

திரை விழுந்ததும் சட்டமாவது ஒன்றாவது என்று பூரணி உள்ளே பாய்ந்தாள்.

"ஏங்க, அது எந்தாலிங்க!"

சோலைமலை மடிமுடிச்சை அவிழ்த்தான். பொட்டும் கயிறுமாக அவள் தாலி முழுசாக இருந்தது. "பொட்டு நெஞ்சுல சில்லுன்னு பட்டப்பவே தெரிஞ்சிருச்சு புள்ள. கழுத்துல கெடந்தது பூக்கட்டுற நூலு, மஞ்சப்பொடி பெரட்டுனது. ஒன்ட்ட சொல்லி அனுப்பலாமுன்னா, பேசக் கூடாதுன்னு வாத்தியாரு சட்டம்."

பூரணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

"நானும் எத்தன தோட்டத்துல ஒழுங்கா செத்துக்கிட்டிருந்தேன். கெடுத்துட்டியேம்மா" என்று ஆண்டியப்பன் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குள் நோர்வூட்டிலிருந்து வந்திருந்த ஒருவர் திரையை விலக்கினார். "அடுத்த மாசம் எங்க தோட்டத்துக்கும் வரணுங்க. ஆனா ராசா எந்திரிக்கணும். இல்லாட்டி எங்க பொம்பளைங்க விடமாட்டாங்க."

சோலைமலை பூரணியின் முன்னால் குந்தினான். கண்ணில் மை, உதட்டில் சாயம், கொண்டையில் பூ. அந்தக் கோலத்திலேயே அவள் தாலியை அவள் கழுத்தில் கட்டி முடிச்சுப் போட்டான்.

"அடப்பாவி மக்கா" என்றார் ராஜா. "எங் கண்ணு முன்னாலேயே எம் பொண்டாட்டி இன்னொருத்திக்குத் தாலி கட்டுறாளே!"

பூரணி சிரிக்க ஆரம்பித்தாள். அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் அந்தச் சிரிப்போடு சேர்ந்து வந்தது.