பதினேழாம் கட்டிலின் கேஸ் ஷீட்

2017 ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, மூன்று பஸ்களில் ஆரோக்கியமாக வந்து இறங்கிய நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு, அவரவர் படுத்த கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளில் என்ன நோய் எழுதியிருந்ததோ அந்த நோய் வந்தது. இடம், ஒரகடத்துக்குத் தெற்கே திருவருட்செல்வம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வெயில் சுமார். அன்று சாலையில் ஒரு கன்டெய்னர் லாரி கவிழ்ந்து இரண்டு மணி நேரம் போக்குவரத்து நின்றதால், மறுநாள் பேப்பரில் லாரிதான் வந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் கணக்குக்கு முந்நூறு கட்டில். படுத்திருப்பவர்கள் எந்த நாளிலும் இருபதைத் தாண்ட மாட்டார்கள். நோயாளி இல்லாத இடத்தில் மாணவர்களுக்கு என்ன கற்றுத் தருவீர்கள் என்று கேட்க டில்லியிலிருந்து ஆய்வுக் குழு வரும். வருகிற தேதி எப்படியோ முன்னாலேயே தெரிந்துவிடும். உடனே கோதண்டத்துக்கு போன் போகும். கோதண்டம் தொழிற்சாலைகளுக்குக் கான்ட்ராக்டில் ஆள் அனுப்புகிறவர். எந்தத் தொழிற்சாலையில் அன்று லைன் நிறுத்தமோ அந்த ஆட்களை அப்படியே பஸ்ஸில் ஏற்றி இங்கே இறக்குவார். படுக்க வேண்டும், கேட்டால் இரும வேண்டும், போனை வெளியே எடுக்கக் கூடாது. மதியம் பிரியாணி. எட்டு மணி நேரம் நின்று ஸ்குரூ முடுக்குகிறவர்களுக்கு ஃபேனுக்குக் கீழே கால் நீட்டிப் படுப்பது தீபாவளி மாதிரி. இடம் பிடிக்கச் சண்டையே நடந்திருக்கிறது.

ஆளை பஸ்ஸில் கொண்டுவரலாம், நோயை யாராவது எழுதித்தான் ஆக வேண்டும். அது மூன்றாம் வருட மாணவர்களின் வேலை. ஆய்வுக்கு முந்தின நாள் எல்லோரையும் செமினார் ஹாலில் உட்காரவைத்துக் கட்டுக்கட்டாகக் காலி கேஸ் ஷீட்டுகளைக் கொடுத்துவிடுவார்கள். பெயரை விட்டுவிட்டு வயது, ஆணா பெண்ணா, தொழில், நோய், பரிசோதனையில் கண்டது, தினசரிக் குறிப்பு எல்லாம் எழுத வேண்டும். தினசரிக் குறிப்புக்கு ஒரு சுருக்கெழுத்து உண்டு. சி.எஸ்.டி. இதே சிகிச்சை தொடரட்டும் என்று அர்த்தம். அதை முப்பது நாளுக்கு வரிசையாக எழுதி வைத்துவிட்டால் எந்தத் தேதியில் யார் வந்து பார்த்தாலும் தாள் நிறைந்து தெரியும். கடைசி பெஞ்சு ரகு ஆறு ஷீட்டிலும் மூன்று நாள் காய்ச்சல், மாத்திரை, குணம், டிஸ்சார்ஜ் என்று எழுதிக் கொடுத்துவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டான்.

சசிரேகா அப்படிப்பட்டவள் இல்லை. மண்ணூர் எல்லப்பனின் மகள். எல்லப்பன் கடைசி நிலத்தையும் கொடுத்துவிட்டு, அதே நிலத்தில் எழும்பிய கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரை துடைக்கிற வேலைக்குப் போனது இவள் டாக்டராவதற்காக என்று ஊருக்கே தெரியும். அவள் வாங்காத மெடல் கல்லூரியில் இல்லை. ஆனால் மூன்று வருடத்தில் ஒரு கெட்டுப்போன இதயத்தின் சத்தத்தை உயிருள்ள மார்பில் அவள் கேட்டதே கிடையாது. இயர்போனில் ஒலிப்பதிவாகத்தான் கேட்டிருக்கிறாள். அந்த ஏக்கத்தில், பதினேழாம் கட்டிலுக்கான ஷீட்டில் இதய வால்வு சுருங்கிப்போகும் நோயை முழுசாக எழுதினாள். இருபதடி நடந்தால் மூச்சு வாங்கும். படுத்தால் இருமல், சளியில் ரத்தம். இடது பக்கம் திரும்பிப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விடச் சொல்லி, மார்பின் நுனியில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் தூரத்தில் வண்டி உருள்வது போல ஒரு முணுமுணுப்பு. ஒரு புள்ளி விடவில்லை. வயது என்ற இடத்தில், கைக்கு முதலில் வந்ததை எழுதினாள். ஐம்பத்திரண்டு. ஆண். தொழில், விவசாயம். அடியில் முப்பது சி.எஸ்.டி.

மறுநாள் ரெக்கார்டு குமாஸ்தா வயதையும் ஆண் பெண்ணையும் பார்த்து ஆளையும் ஷீட்டையும் ஜோடி சேர்த்தார். ஐம்பத்திரண்டு வயது ஆண் என்று பஸ்ஸில் ஒருவர்தான் இருந்தார். எல்லப்பன். மூன்று வருடமாக மகள் அவரை காலேஜ் கேட்டுக்கு இந்தப் பக்கம் விட்டதில்லை. கோதண்டம் பஸ் அங்கேதான் போகிறது என்று கேள்விப்பட்டதும் அவர் முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். வெள்ளை கோட்டில் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு, தெரியாதவர் மாதிரி திரும்பிவிடுவதாக ஏற்பாடு.

பத்தரைக்கு வார்டுக்குள் வந்த ஆய்வாளர் பதினேழாம் கட்டிலின் ஷீட்டைப் படித்தார். அலட்சியமாக மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். அப்புறம் எடுக்கவே இல்லை. இடது பக்கம் திரும்பச் சொன்னார். மறுபடி கேட்டார். "இது யார் எழுதின கேஸ்?" என்றார். சசிரேகா முன்னால் வந்தாள். கட்டிலில் அப்பா. அவர் அவளைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்தார். "இன்னா பண்ணுது பெரியவரே?" என்று பக்கத்திலிருந்த டீன் கேட்க, "மூச்சு வாங்குது சார், இவ்ளோ வாங்கும்னு சொல்லவே இல்ல" என்றார் எல்லப்பன். வார்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்பா நன்றாக நடிக்கிறார் என்றுதான் சசிரேகாவும் நினைத்தாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்தாள். தூரத்தில் வண்டி உருண்டது. கேட்டது கேட்டபடி, குரல் பிசகாமல், எட்டு நிமிடம் அவள் கேஸைச் சொல்லி முடித்தாள். இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு மாணவி சொல்லிக் கேட்டதில்லை என்று ஆய்வாளர் குறிப்பு எழுதினார். கல்லூரிக்கு ஐம்பது சீட்டு கூடுதலாகக் கிடைத்தது.

மாலை நாலு மணிக்கு பஸ்கள் திரும்ப வேண்டும். கோதண்டம் வார்டு வாசலில் நின்று கை தட்டினார். "யோவ், நடிச்சது போதும், எழுந்திருங்கய்யா! செகண்ட் ஷிஃப்ட் பசங்க சுங்குவார்சத்திரத்துல நின்னுகினு கீறானுங்க!" யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி மூத்திரத்தில் ரத்தம் என்றாள். ஒருவர் வலது கை வரவில்லை என்றார். கோதண்டம் முதலில் திட்டினார், பிறகு கும்பிட்டார், பிறகு கடைசி கட்டிலில் தானே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டிலில் ஷீட் மாட்டாததால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பத்து நாளில் விவரம் புரிந்தது. ரகு எழுதிய ஆறு பேரும் நாலாம் நாள் காலை குளித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சோம்பேறிகளின் ஆட்கள் எல்லோரும் பிழைத்தார்கள். படித்து எழுதியவர்களின் ஆட்கள் படுத்த படுக்கையில் இருந்தார்கள். ஒன்பதாம் கட்டிலில் படுத்த பெயின்ட் ஷாப் ஆளுக்கு ஷீட் எழுதிய பெண் ஏழு நாளோடு களைத்துப்போய் நிறுத்தியிருந்தாள். எட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு அவருக்கு மூச்சு நின்றது. தாள் தீர்ந்தால் ஆள் தீர்ந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. மாற்றி எழுதிப் பார்த்தார்கள். முதலில் எழுதிய கைதான் எழுத வேண்டும், வேறு கை செல்லாது. அந்தக் கை நோயைக் கூட்டி எழுதினால் கூடியது. குறைத்து எழுதினால் குறையவில்லை. சி.எஸ்.டி. என்று எழுதினால் அப்படியே இருந்தது.

மண்ணூரிலிருந்து சின்னப்பொண்ணு தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து, புருஷன் கால்மாட்டில் தொங்கிய தாளை வெகுநேரம் பார்த்தாள். மகளின் கையெழுத்து அவளுக்குத் தெரியும். "இன்னாடி எழுதி வெச்சிருக்கற? ஜுரம்னு எழுதித் தொலைக்கக் கூடாது? ஊரான் வூட்டுப் புள்ளைங்கல்லாம் ஜுரம்னுதானே எழுதிச்சிங்க!" சசிரேகா தூக்குவாளியை வாங்கி வைத்தாள். பொது மருத்துவத் துறைத் தலைவர் ஏசுவடியான், நாசரேத்துக்காரர், அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர், அந்த ஷீட்டை இரண்டு தடவை படித்துவிட்டு அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "நீ எழுதுனதுல ஒரு தப்பு இல்லம்மா. தப்பு இருந்திருந்தா அந்த மனுசன் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பாரு, பாத்துக்கோ" என்றார். அந்த மாதமே வேலையை விட்டு ஊருக்குப் போனார். அவர் பெயர் இன்னும் ஆசிரியர் பட்டியலில் இருக்கிறது.

சென்னைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அங்கே தொடை ரத்தக்குழாய் வழியாக ஒரு பலூனை விட்டு வால்வை விரித்தார்கள். நன்றாக விரிந்தது. எல்லப்பன் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். திரும்பி வரும் வழியில் ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் மூச்சு வாங்கியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வால்வு பழைய அளவில், ஷீட்டில் சசிரேகா எழுதியிருந்த அதே பாயின்ட் ஒன்பது சதுர சென்டிமீட்டரில் இருந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அந்த டாக்டர் ஆம்புலன்ஸ் கதவைத் திறக்கவே விடவில்லை. முப்பதாம் நாள் காலை ஏழு ஐம்பதுக்கு சசிரேகா ஒரு புதுத் தாளைச் சேர்த்து, தேதி போட்டு, சி.எஸ்.டி. என்று எழுதினாள். எட்டு மணி தாண்டியது. அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தார். மொத்தமாக எழுதி வைத்தது செல்லுபடியானது ஆய்வுக்காக எழுதிய முப்பது நாளுக்கு மட்டும்தான். அதன் பிறகு ஒரு நாளுக்கு ஒரு வரி, அந்தந்த நாள் காலை.

அப்படி எட்டு வருடம். சசிரேகா கடைசி வருடம் முடித்தாள், அதே ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்தாள். மேல்படிப்புக்குப் புதுச்சேரியில் இடம் கிடைத்தது. போகவில்லை. ஜோயல் என்று கூடப் படித்தவன் கட்டிக்கொள்வதாகச் சொல்லி, காலை எட்டு மணிக்குள் இந்தக் கட்டிலுக்கு வந்து சேர முடியாத எந்த ஊருக்கும் அவள் வர மாட்டாள் என்று தெரிந்ததும் திருச்சிக்குப் போய்விட்டான். கொரோனா வருடங்களில் வார்டைக் காலி செய்தபோது பதினேழாம் கட்டிலை மட்டும் நகர்த்தவில்லை. மற்ற கட்டில்களில் இருந்தவர்கள், எழுதிய மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போகப் போக, ஒவ்வொருவராக எட்டு மணிக்கு முடிந்தார்கள். ஒருவன் அமெரிக்காவுக்கு விமானம் ஏறிய நாளில் மூன்று பேர். கல்லூரி அதற்கெல்லாம் முறைப்படி இரங்கல் தெரிவித்தது. சசிரேகா அங்கேயே ஆசிரியை ஆனாள்.

கோதண்டத்தின் பஸ்ஸும் நின்றுவிடவில்லை. அடுத்த ஆய்வுக்கும் ஆட்கள் ஏறினார்கள். என்ன நடந்தது என்று தெரிந்தேதான் ஏறினார்கள். செமினார் ஹால் வாசலில் வரிசையாக நின்று, "மூணு நாள் ஜுரம் போடு தம்பி, லீவு வாங்கிக்கலாம்", "எனக்கு முதுவலி வேணாம், முன்னயே கீது" என்று சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு படுத்தார்கள். சோம்பேறி மாணவர்களுக்கு மரியாதை கூடியது.

எல்லப்பன் தன் நோயை நன்றாகப் படித்துவிட்டார். புது மாணவர்கள் வந்தால் தானே இடது பக்கம் திரும்பிப் படுப்பார். "அங்க இல்ல தம்பி, ஒரு வெரக்கட கீழ. நான் மூச்ச வுடும்போது கேளு" என்பார். சில பேருக்கு ஒன்றும் கேட்காது. கேட்டதாகத் தலையாட்டுவார்கள். "பொய் சொல்றான் பாரு, மூஞ்சே சொல்லுது. மறுபடி வெய்யி" என்பார். அந்த வார்டில் அவரைத் தவிர வேறு நிஜ நோயாளி பெரும்பாலும் இருந்ததில்லை.

போன மார்ச்சில், பகல் சாப்பாட்டு வேளையில், அவர் மகளைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். இருபதடி தள்ளியிருந்த கழிவறைக்கு எட்டு வருடமாக அவர் தானாக நடந்து போனதில்லை. "போதும் பாப்பா. எழுதாத வுட்டுடு" என்றார். "உங்க அம்மா ஒத்துக்கினா. உனுக்கும் முப்பது ஆவுது. நான் மூச்சு வாங்கிகினு கெடக்கறதுக்கு நீ ஏன் இங்க கெடக்கற?" மூன்று வாரம் அவள் தூங்கவில்லை. பிறகு சரி என்றாள். ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள். ஞாயிறு சின்னப்பொண்ணு வந்து, அவருக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு ஊட்டிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மண்ணூர் பஸ் ஏறினாள். காலையில் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

திங்கள் ஏழரைக்கு சசிரேகா பேனா இல்லாமல் வந்தாள். அப்பாவின் முகத்தைத் துடைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஏழே முக்காலுக்கு வராந்தாவில் செருப்புச் சத்தம். கடைசி வருடப் பிள்ளைகள் பதினோரு பேர், இஸ்திரி போட்ட கோட்டில், வெளிறிய முகத்தோடு வந்து வரிசையாக நின்றார்கள். பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வை வியாழனிலிருந்து இன்றைக்கு மாற்றிவிட்டார்களாம். காலை ஆறு மணிக்குத்தான் போன் வந்ததாம். வெளியூர்த் தேர்வாளர் ஒன்பதுக்கு வருகிறார். இதயத்துக்குப் பதினேழாம் கட்டில்தான் என்று பட்டியலில் போட்டிருக்கிறது. முன்னால் நின்ற கவிப்பிரியா என்ற பெண் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து எதையோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

எல்லப்பன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இதுங்க வேற எங்கயாச்சும் இந்தச் சத்தத்தக் கேட்டுகீதுங்களா?" என்று மகளிடம் கேட்டார். இல்லை என்றாள். சுவர்க் கடிகாரம் ஏழு ஐம்பத்தைந்து. அவர் மெதுவாக இடது பக்கம் திரும்பினார், அதற்கே இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். "சரி, இன்னைக்கி எழுதிடு பாப்பா. பரீட்ச முடியட்டும்."

சசிரேகா கவிப்பிரியாவின் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, தேதி போட்டு, சி.எஸ்.டி. என்று எழுதினாள். தேர்வு ஒன்பது பத்துக்குத் தொடங்கியது. பதினோரு பேரும் கேட்டார்கள். எட்டுப் பேருக்குக் கேட்டது. மீதி மூன்று பேருக்கு மறுதேர்வு அக்டோபரில்.