படகில் சோபியாவின் இடம்

ஆடி பிறந்தால் கல்யாண போட்டோகிராபர் கிருபாகரனுக்கு வேலையே இருக்காது. அவன் மனைவி சோபியாவுக்கோ மூச்சுவிட நேரமிருக்காது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, அதனால் அவன் கேமராவுக்கு ஓய்வு. ஆடித் தள்ளுபடி உண்டு, அதனால் அவள் வேலை பார்க்கும் ஆரணிப் பட்டுக்கடையில் நிற்க இடமிருக்காது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தை ஆட்டிவைத்தது இந்தப் பஞ்சாங்கம்தான், வேறென்ன சொல்ல!

சும்மா உட்காரப் பிடிக்காமல் ஓர் ஆடியில் மலிவு டிக்கெட் கிடைத்து வியட்நாமுக்குப் போனான் கிருபாகரன். ஹோய் ஆன் என்கிற ஊரின் மஞ்சள் சுவர்களையும் ஆற்றங்கரைக் கலர் விளக்குகளையும் பார்த்தவன் சொக்கிப்போனான். அதன்பின் ஒவ்வோர் ஆடிக்கும் அங்கேதான். படகோட்டும் லான் என்கிற பெண்மணிக்கு அவன் முகம் பழகிவிட்டது. போன வருடம் எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு அடுத்த வருடம் கொண்டுபோய்க் கொடுப்பான். பேச்சு புரியாவிட்டாலும் இருவரும் நன்றாகச் சிரித்துக்கொள்வார்கள்.

கோளாறு முதல் பயணம் முடிந்ததுமே வந்துவிட்டது. சோபியா வராத குறை அவனை அரித்தது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை, பெண்ணைக் காஷ்மீர்ப் பனியில் நிற்க வைக்கிற கை அல்லவா? பட்டுச்சேலையில் இருந்த சோபியாவின் படத்தை எடுத்து, லானின் படகில் கம்ப்யூட்டரிலேயே உட்கார வைத்தான். பெரிய பிரேம் போட்டு ஹாலில் மாட்டி, அவள் பிறந்தநாளன்று காட்டினான்.

அந்த வாரமே தேசூரிலிருந்து அவள் அக்கா சகாயமேரி வந்தாள். பிரேமைப் பார்த்தாள். முகம் தொங்கிவிட்டது.

"வெளிநாடு போயிட்டு வந்துகீற. கூடப் பொறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல இல்ல?"

"ஐயோ அக்கா, நான் எங்கியும் போவல. இவர் கம்ப்யூட்டர்ல பண்ணது."

"நம்பச் சொல்றியா?"

காபிகூடக் குடிக்காமல் கிளம்பிய அக்கா கிறிஸ்துமஸ் வரை பேசவில்லை. பிரேம் பரணுக்குப் போனது.

"போவாத ஊருக்கு என்னைப் போனவளா ஆக்கிட்டீங்களே. இனிமே அந்த ஊர்ப் படத்தை எங்கிட்ட காட்டாதீங்க" என்றாள் சோபியா.

சொன்னபடியே நான்கைந்து வருடம் ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. எடுத்த படத்தைக் காட்ட வேண்டியவளுக்கே காட்ட முடியாமல் என்ன பயணம்? கிருபாகரன் உள்ளுக்குள் வாடிப்போனான். இந்த ஆடிக்கு டிக்கெட்டே போடவில்லை. ஸ்டுடியோவில் உட்கார்ந்து துடைத்த லென்ஸையே துடைத்துக்கொண்டிருந்தான்.

சாப்பாடு கொண்டுவந்த சோபியா அவனைப் பார்த்தாள். பாவமாக இருந்தது.

"சரி, அந்தப் படத்தையெல்லாம் காட்டுங்க. ஜல்தி, கடைக்குப் போவணும்."

அவசரமாகத் திறந்தான். ஆறு, படகு, லான். காபிக்கடை, லான், மறுபடி படகு. பார்த்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"இன்னாங்க இது? எல்லாத்துலயும் படகுல ஒரு பக்கம் காலியா கீது?"

கிருபாகரன் தலையைச் சொறிந்தான். "பிரேம் வெக்கும்போதே கை அப்படித்தான் வெக்குது சோபி. உனக்கு எடம் உட்டு எடுத்துத்தான் பழக்கம். உன் படத்தை ஒட்ட மாட்டேன், பயப்படாத. சும்மா உட்டு வெச்சேன்."

சோபியா எழுந்தாள். நேரே கடைக்குப் போய் லீவு கேட்டாள். "ஆடியிலயாம்மா?" என்று முதலாளி நெஞ்சில் கைவைத்தார். "இத்தனை ஆடி உங்களுக்குத்தாங்க. இது ஒண்ணு எனக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

தட்கலில் அவளுக்குப் பாஸ்போர்ட் எடுத்து, ஆடிக் கடைசியில் இருவரும் புறப்பட்டார்கள். ஹோய் ஆனில் லான் அவளைப் பார்த்ததும் காலி இடத்தைத் தட்டிக்காட்டினாள். சோபியா உட்கார்ந்த வேகத்தில் படகு ஆடியது. அவள் அலறினாள். கிருபாகரன் கிளிக் செய்தான். படத்தில் தலைமுடி முகமெல்லாம் பறந்தது, ஒரு கண் மூடியிருந்தது, முந்தானை தண்ணீரில் கிடந்தது.

"கண்ணை மட்டும் சரிபண்ணிடறேன்."

"கை வெச்சீங்கன்னா பாருங்க!"

அந்தப் படமே பிரேமாகி ஹாலுக்கு வந்தது. இந்தத் தடவை சோபியா முன்கூட்டியே போன் செய்து சொல்லி, அக்காவை வரவழைத்தாள். சகாயமேரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கா தெரியாது? இதுவும் கம்ப்யூட்டர்தான். ஆனா தம்பி, முன்ன பண்ணதுதான் நெஜமாட்டம் இருந்துது. இதுல கண்ணுகூட சரியா வைக்கல நீங்க."

வியட்நாம் முத்திரையைக் காட்ட, கிருபாகரன் சோபியாவின் பாஸ்போர்ட்டை எடுக்க எழுந்தான். சோபியா அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிடித்த கையை விடவில்லை. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கம்ப்யூட்டர்தான்க்கா. அடுத்த ஆடிக்கு நீயும் வா, படகுல இன்னொரு பக்கம் காலியாத்தான் கீது."