கோயில் வளைவில் ஒரு பச்சைப் புள்ளி

திரையில் எல்லாப் புள்ளிகளும் பச்சையாக இருந்தன. அதுதான் ஜோதிலட்சுமிக்குப் பிடிக்கவில்லை.

மலையில் மதியத்திலிருந்தே மழை. மழை நாளில் ஏலத்தோட்டத்துக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு இறங்கும் ஜீப்புகளில் ஒன்றிரண்டாவது எங்கேயாவது நின்று சிவப்புக் காட்டும். ஒன்றுக்கு டயர் பஞ்சராகும், இன்னொன்றுக்கு முன்னால் மரக்கிளை விழுந்து கிடக்கும். இன்றைக்கு எந்த வண்டிக்கும் ஒரு குறையும் இல்லையாம். பிள்ளைகள் உள்ள வீட்டில் திடீரென்று சத்தம் நின்றுபோனால் தாய்க்காரி அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாளே, ஜோதிலட்சுமி அந்த ரகம். நாற்காலியில் உட்காருவாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள், மறுபடியும் திரைக்கு வருவாள்.

"அக்கா, கொஞ்சம் உக்காருங்கக்கா. ஒங்களப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றான் வேல்பாண்டி.

அல்லிநகரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். கம்ப்யூட்டர் நிரல் எழுதுகிறவர்கள் இவர்கள் இரண்டே பேர். ஜோதிலட்சுமி தேவதானப்பட்டிக்காரி. சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டு, போதும்டா சாமி என்று திரும்பி வந்து தொடங்கிய தொழில் இது. வேல்பாண்டி கம்பத்துப் பக்கம். அவனுடைய அம்மா இருளம்மாள் இன்றைக்கும் விடியற்காலையில் ஜீப் ஏறி, எல்லை தாண்டி, கேரளத்துத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள். மகன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிறகும் வீட்டில் சும்மா உட்காரச் சம்மதிக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜீப் பள்ளத்தில் உருண்டு, விடியும்வரை யாருக்கும் தெரியாமல் போனது. அதற்குப் பிறகுதான் ஜீப் உரிமையாளர் சங்கம் இவர்களைத் தேடி வந்தது. இப்போது ஒவ்வொரு ஜீப்பிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே சோப்பு டப்பா அளவில் ஒரு கருவி. பெண்கள் அதற்குப் 'பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வண்டி எங்கே இருக்கிறது என்று பெட்டி சொல்லிக்கொண்டே வரும். வழியில் பத்து நிமிடத்துக்கு மேல் வண்டி நின்றாலும் சரி, அரை மணி நேரம் பெட்டியிடமிருந்து பேச்சே இல்லாமல் போனாலும் சரி, புள்ளி சிவப்பாகும். சங்கத்தில் இருக்கிற போனும் வீட்டில் இருக்கிற போனும் அலறும்.

இதைக் கட்டியபோது ஜோதிலட்சுமி மூன்றாகப் பிரித்துத்தான் கட்டினாள். வேல்பாண்டிக்குப் புரிவதற்காக வெள்ளைப் பலகையில் மூன்று கட்டம் போட்டு, கேட்பவன், யோசிப்பவன், கத்துபவன் என்று எழுதினாள். பெட்டிகள் சொல்வதை வாங்கிக்கொள்வது முதல் ஆளின் வேலை. அதில் ஆபத்து உண்டா என்று பார்ப்பது இரண்டாமவனின் வேலை. ஊரைக் கூட்டுவது மூன்றாமவனின் வேலை. "ஒருத்தன் வேலையில இன்னொருத்தன் தலையிடக் கூடாதுடா. கேக்குறவனே யோசிக்க ஆரம்பிச்சா நமக்கு உண்மையே வந்து சேராது" என்று அன்றைக்கு அவள் சொன்னாள். அந்தக் கட்டங்கள் இன்னும் பலகையில் இருந்தன. பக்கத்திலேயே ஒரு தாள் ஒட்டியிருந்தது: ஒருவர் எழுதியதை இன்னொருவர் வாசித்துச் சரி சொல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. அச்சடித்து ஒட்டியவளும் அவள்தான்.

மணி ஆறு தாண்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேற்கு மலை மேகத்துக்குள் போய்விட்டது.

"ஒங்க அம்மா எந்த வண்டிடா?"

"ராக்கப்பண்ணன் ஓட்டுற வண்டிக்கா. அந்தா, கோயில் வளைவுல நிக்கிது. பச்சைதான்."

"எப்பருந்து நிக்கிது?"

"சாமி கும்பிட்டுட்டு எறங்குவாகக்கா." அவன் திரையைப் பார்க்காமலே சொன்னான்.

அந்த நேரம் அவனுடைய போன் அடித்தது. அவன் அப்பா நல்லகண்ணு. அவர் பேசினால் அடுத்த தெருவுக்கே கேட்கும், ஜோதிலட்சுமிக்குக் கேட்காதா?

"ஏலே, ஒங்கம்மா இன்னும் வரலையேடா. அந்தப் பாதையில போன மத்த வண்டியெல்லாம் வந்துருச்சு. ராக்கப்பன் வண்டி எங்கனதான் நிக்கிது? ஒன் கம்ப்யூட்டர்ல என்ன சொல்லுது?"

"பச்சைன்னு சொல்லுதுப்பா" என்றான் வேல்பாண்டி. சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

ஜோதிலட்சுமி அவனைத் தள்ளிவிட்டுப் புள்ளியின் மேல் அழுத்தினாள். பெட்டி கடைசியாகப் பேசி ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. வண்டி நின்றும் அவ்வளவு நேரம். இரண்டு காவலும் விழித்திருக்க வேண்டும். இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன.

"பத்து நிமிஷம் நின்னா செவப்பு. அரை மணி நேரம் பேசலேன்னாலும் செவப்பு. ரெண்டுமா செத்துப் போச்சு? வேலு, என்னடா பண்ணி வச்சிருக்க?"

வேல்பாண்டி திரையில் அந்த வளைவைத் தொட்டுக் காட்டினான். "கோயில் வளைவுக்கு மட்டும் ஒரு விலக்கு போட்டேன்ல... நீங்கதானக்கா சரி குடுத்தீக."

தோட்டத்துப் பாதை மலைச்சாலையில் போய்ச் சேருவதற்கு முன்னால் வரும் வளைவு அது. ஒரு புங்கமரம், அதனடியில் கருப்பசாமி, கொத்தாகத் தொங்கும் மணிகள். அங்கே நிற்காமல் இறங்கிய டிரைவர் இந்தப் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை. சூடம் ஏற்றி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, எல்லோரும் விபூதி பூசிக்கொண்ட பிறகுதான் வண்டி நகரும். வெள்ளிக்கிழமை என்றால் சாமிக்கும் பேச ஆள் கிடைத்துவிடும், நேரம் போவதே தெரியாது. பெட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? பெட்டி மாட்டிய முதல் வாரம் முழுக்கச் சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு போன் அலறியது. சங்கத் தலைவர் ஈஸ்வரபாண்டி நேரே அலுவலகத்துக்கு வந்து குதித்தார். "சாமி கும்பிடுறதுக்குக்கூட ஒங்க கம்ப்யூட்டர்ட்ட பர்மிசன் வாங்கணுமாய்யா? பொம்பளையாளுக வீட்ல அழுதுட்டு நிக்கிறாக!"

ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேல்பாண்டி அதற்கு வழி செய்துவிட்டான். கோயில் வளைவுக்குள் இருக்கும் வண்டி நலம். அவ்வளவுதான் விதி. யோசிப்பவனிடம் வைத்தால் நாலு இடத்தில் மாற்ற வேண்டும் என்று, கேட்பவனிடமே வைத்துவிட்டான். வாசலிலேயே 'நலம்' என்று முத்திரை குத்தி அனுப்பினால், உள்ளே இருப்பவன் எதை யோசிப்பான்? வண்டி நிற்பதும் அவனுக்குத் தெரியாது, பெட்டி பேசாமலிருப்பதும் தெரியாது.

அன்றைக்குப் பெரியகுளத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. ஜோதிலட்சுமி பட்டுப்புடவையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். 'அக்கா, சின்ன மாத்தம், சரி குடுங்க' என்று செய்தி வந்தது. பஸ்ஸும் வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் போனிலேயே சரி என்று தட்டிவிட்டு ஏறிவிட்டாள். சுவரில் தாள் ஒட்டியவளுக்கு அந்தத் தாள் அன்று ஞாபகம் வரவில்லை.

"நிக்கலாம்னு போட்டியே, எம்புட்டு நேரம் நிக்கலாம்னு ஏன்டா போடல?"

வேல்பாண்டி அழுதுவிடுவான் போலிருந்தது. "சாமி முன்னாடி என்னக்கா ஆயிரப் போவுது?"

அவள் திட்டுவதற்கு எடுத்த மூச்சு அப்படியே நின்றது. வெளியூர்க்காரன் எவனாவது எழுதியிருந்தால் கருப்பசாமியை ஒரு சாதாரண நிறுத்தம் என்று நினைத்து இருபது நிமிடம் கெடு வைத்திருப்பான். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்கு சாமிக்குக் கெடு வைக்கக் கை எப்படி வரும்? திறந்து வாசித்திருந்தால் தனக்கே உறைத்திருக்குமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சந்தேகம்தான் அவளை இன்னும் பதறவைத்தது.

ஈஸ்வரபாண்டிக்குப் போன் போட்டாள். ராக்கப்பனுக்கும் இருளம்மாளுக்கும் மற்றவர்களுக்கும் தொடர்பே கிடைக்கவில்லை, மழை என்றால் அந்த வளைவில் டவர் கிடைக்காது, உடனே ஒரு வண்டியை மேலே அனுப்புங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "நானே போறேன்" என்று வைத்துவிட்டார்.

இனி காத்திருக்க வேண்டியதுதான். மலைமேல் வண்டி ஏறுகிற நேரத்தைக் கம்ப்யூட்டரால் குறைக்க முடியாது. வேல்பாண்டி சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே கைவைக்கப் போனான்.

"என்ன பண்ற?"

"அந்த எழவைத் தூக்கிர்றேன்க்கா. இப்பவே."

"வேற பாதையில இன்னும் பல வண்டி மலையில இருக்கு. அவசரத்துல எல்லாத்தையும் ஊமையாக்கிறாத. தனியா எழுது. நான் வாசிக்கிறேன். அப்பறம் ஏத்துவோம்."

"அக்கா, எங்கம்மா அங்கன நிக்கிதுக்கா!"

"தெரியும்டா! அதுக்குத்தான் சொல்றேன். எழுது."

அவன் எழுதினான். அவள் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசித்தாள். ஒரு வரியில் அவன் வைத்த நிபந்தனை தலைகீழாக இருந்தது. அப்படியே ஏற்றியிருந்தால் கோயில் வளைவைத் தவிர மற்ற எல்லா இடமும் 'நலம்' ஆகியிருக்கும். அவள் விரலை வைத்துக் காட்டினாள். அவன் தலையில் அடித்துக்கொண்டு திருத்தினான். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள், பழைய நாளின் பதிவுகளை ஓடவிட்டுப் பார்த்தாள். நிதானமாக ஒரு வேலையைச் செய்வது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. கடைசியில் சரி என்று அழுத்தினாள்.

புள்ளி சிவப்பானது. இருவருடைய போனும் சேர்ந்து அலறின. ஒரு நிமிடத்தில் நல்லகண்ணுவும் கூப்பிட்டார். "ஏலே, இங்கன தெருவுல எல்லா வீட்டுப் போனும் கத்துதுடா!"

வேல்பாண்டி போனை மேஜையில் கவிழ்த்து வைத்தான்.

இருட்டின பிறகு ஈஸ்வரபாண்டி பேசினார். பெண்களுக்கு ஒன்றுமில்லை, நனைந்து நடுங்கிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். "ராக்கப்பனுக்குத்தான் முடியல. சூடம் ஏத்தக் குனிஞ்சவன் அப்பிடியே சாஞ்சுட்டானாம். ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. பேச்சு வரல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்."

மறுநாள் காலை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வார்டுக்கு வெளியே வராந்தாவில் ராக்கப்பனின் மனைவி கஸ்தூரியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் துணையாக இருளம்மாள். நேற்று நனைந்த சேலையையே இன்னும் மாற்றவில்லை. மகனைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"வந்துட்டான் பாரு. இவந்தான் கஸ்தூரி, எம் மகன். இவன் வச்ச பெட்டிதான் ஊரையே எழுப்பிருச்சு. இல்லேன்னா ராத்திரி பூராம் அங்கனயே கெடந்திருப்போம்."

கஸ்தூரியம்மாள் எழுந்து நின்று வேல்பாண்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "உசுரக் காப்பாத்திட்டய்யா. இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கையும் பேச்சும் திரும்பியிருக்கும்னு டாக்டர் சொன்னாக. அது எங்க தலையெழுத்து. நீ நல்லா இருக்கணும்."

வேல்பாண்டி தரையைப் பார்த்தான். கூப்பிய அந்தக் கைகளைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. ஜோதிலட்சுமிக்கு அங்கிருந்து ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

இருளம்மாள் விடவில்லை. பெருமை அவளைப் பேசவைத்தது. "எங்க வண்டியில வந்த முத்துப்பேச்சி இருக்காளே, அவ கெடந்து துடிச்சா. ஓட்டமும் நடையுமா மெயின் ரோட்டுக்குப் போயிர்றேன், அங்கன டவர் கெடைக்கும், போன் பண்ணிர்றேன்னு கெளம்பிட்டா. நாந்தான் அவ கையப் பிடிச்சு உக்கார வச்சேன். மழையில எங்கடி போற, நம்ம பெட்டி இந்நேரம் கத்தியிருக்கும், வண்டி வந்துக்கிட்டே இருக்கும்னேன். வந்துட்டாகள்ல?"

சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மற்ற ஜீப்புகளில் இன்று காலையும் பெண்கள் ஏறிப் போயிருப்பார்கள், பெட்டி இருக்கிறது என்ற தைரியத்தில். அதை நினைத்ததும் ஜோதிலட்சுமியால் சும்மா இருக்க முடியவில்லை.

"அம்மா, பெட்டி கத்தலம்மா" என்றாள். "கோயில் வளைவுல நின்னா கத்த வேணாம்னு நாங்கதான் அத எழுதி வச்சிருந்தோம். நான் வாசிச்சுப் பாக்காமயே சரின்னுட்டேன். வேலு அப்பா போன் பண்ணின பெறகுதான் எங்களுக்கே தெரியும். போனெல்லாம் அலறுனது அதுக்கும் பெறகு."

கஸ்தூரியம்மாளின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. அவள் திரும்பி வார்டுக்குள் போனாள்.

இருளம்மாள் ஜோதிலட்சுமியைப் பார்க்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏலக்காய் எடுத்துக் கறுத்துப்போன தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப முத்துப்பேச்சிய நான் எதுக்குய்யா பிடிச்சு உக்கார வச்சேன்?" என்று கேட்டாள்.