இடது குழல்

ஜெப்ரான் யோத்தாமுக்குத் தரவேண்டியது ஒன்பதாயிரத்து அறுநூற்று ஐம்பது குவாச்சா. போன மழைக்காலத்தில் வெள்ளம் பாதையை அறுத்திருந்த நேரத்தில் ஜெப்ரானின் மனைவிக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. சிப்பாட்டா ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தது, அங்கே மூன்று வாரம் தங்கியது, மருந்து, திரும்பி வந்தது எல்லாம் சேர்ந்த தொகை அது. யோத்தாம் எண்ணிக் கொடுத்தான், எழுதி வாங்கவில்லை. ஜெப்ரான் யோத்தாமின் மனைவி எனெலெசியின் தம்பி. மச்சானிடம் கையெழுத்துக் கேட்டால் ஊர் சிரிக்கும்.

இப்போது மே மாதக் கடைசி. அந்தப் பணம் யோத்தாமுக்கு வேண்டியிருந்தது. ஜூன் பத்தாம் தேதி விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். காட்டு விலங்குகளைப் பார்க்க வருகிறவர்கள் தங்கும் லுவாங்குவா ஆற்றங்கரை முகாமில் பதினாறு வருஷமாக அவன் நடை வழிகாட்டி. காட்டுக்குள் போகும்போது துப்பாக்கியோடு ஜெப்ரான் முதலில் நடப்பான். அவன் முதுகுக்குப் பின்னால் யோத்தாம், அவனுக்குப் பின்னால் விருந்தாளிகள், கடைசியில் தேநீர்ப் பை சுமக்கிற ஆள். சுடுவது ஜெப்ரான் வேலை. சுடவேண்டி வராதபடி முன்னாலேயே பார்த்துச் சொல்வது யோத்தாம் வேலை. அதற்கு அவனிடம் இருந்தது ஒரு பழைய பைனாகுலர். இரண்டு வருஷமாக அதன் இடது குழல் மங்கல். மழை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் நடக்கிறதுதான். பூஞ்சை என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை. அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

லுசாகாவிலிருந்து ஹம்பாயி என்ற வியாபாரி வருஷத்துக்கு ஒருமுறை வருவான். நாட்டைவிட்டுப் போகிற வெள்ளைக்காரர்களிடம் நல்ல பைனாகுலர்களை வாங்கி வழிகாட்டிகளுக்கு விற்பான். அன்று பிக்கப் வண்டியின் பானெட் மேல் போர்வையை விரித்து மூன்றை வைத்தான். விலையைக் கடைசியில்தான் சொல்வான், முதலில் கையில் கொடுத்துவிடுவான். கையில் எடுத்தவன் கீழே வைக்க மனசு வராமல் நிற்பான் என்று அவனுக்குத் தெரியும்.

முதல் பைனாகுலர் பத்து மடங்கு பெரிதாகக் காட்டியது. யோத்தாம் அதை உடனே வைத்துவிட்டான். நடந்து மூச்சு வாங்குகிறவன் கையில் பத்து மடங்கு என்றால் ஆட்டமும் பத்து மடங்கு. இரண்டாவது எட்டு மடங்கு, சின்னது, கழுத்துக்குச் சுகமாக இருந்தது, ஆனால் மரநிழலுக்குள் பார்த்தால் ஒரே இருட்டு. மூன்றாவது ஆஸ்திரியாவில் செய்தது. எட்டு மடங்குதான், முன்பக்க லென்ஸ் அகலம். விலை முப்பத்திரண்டாயிரம் குவாச்சா. யோத்தாமிடம் இருந்தது இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு. ஜெப்ரானின் கடன் வந்தால் வாங்கிவிடலாம், நூற்றைம்பது மிச்சம்.

ஹம்பாயி சிரித்தான். “பெருசா காட்டுறத வாங்குறவன் டூரிஸ்ட்டு. வெளிச்சமா காட்டுறத வாங்குறவன் வீடு வந்து சேர்றவன். நீயே சொல்லு, நீ யாரு?”

நல்ல கண்ணாடியைப் பொழுது சாயும்போதுதான் சோதிக்க வேண்டும். வெயிலில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடி. யோத்தாம் காத்திருந்தான். சூரியன் இறங்கியதும் அக்கரையில் கருங்காலி மரங்களுக்கு அடியில் இருந்த கறுப்பைப் பார்த்தான். வலது குழலில் ஒரு பூக்கு மான் நின்றது. அதன் காதில் ஈ உட்கார்ந்து எழுந்தது வரைக்கும் தெரிந்தது. இடது குழலில் அதே மங்கல்.

வளையத்தைத் திருப்பினான், துணியால் துடைத்தான். இரண்டாவதை எடுத்தான். அதிலும் இடது பக்கம் மங்கல். முதலில் ஒதுக்கிய பத்து மடங்கிலும் அதே. மூன்று பைனாகுலரில் ஒரே இடத்தில் எப்படிப் பூஞ்சை பிடிக்கும்?

பானெட் மேல் கிடந்த பழைய பைனாகுலரைக் கூட வந்திருந்த ஜெப்ரான் விளையாட்டாக எடுத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். “மச்சான், பூஞ்சை பூஞ்சைன்னு ரெண்டு வருஷமா அழுதியே. பளிச்சுன்னு இருக்கே?”

ஜெப்ரான் பைனாகுலரை இறக்கி யோத்தாமைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, இடது கண்ணைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

யோத்தாம் அவசரமாக ஆஸ்திரியாக் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இதுதான் வேண்டும் என்றான். இவ்வளவு வெளிச்சம் தருகிற கண்ணாடியில் ஒரு கண்ணே இரண்டு கண் வேலையைச் செய்துவிடும் என்று அந்த நிமிஷம் நம்பினான். கையிலிருந்த பணத்தை ஹம்பாயியிடம் கொடுத்தான். மிச்சம் ஒன்பதாயிரத்து ஐந்நூறை ஜூன் முடிவுக்குள் கொடுப்பதாகப் பேச்சு.

மறுநாள் காலை முற்றத்தில் எனெலெசி சோளம் குத்திக்கொண்டிருந்தாள். யோத்தாம் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான். உலக்கைச் சத்தம் கேட்டது. உலக்கை தெரியவில்லை, அவளும் ஒரு புகைமாதிரி ஏறி இறங்கினாள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை இத்தனை நாள் மூடி மறைத்திருக்கிறது. போன அக்டோபரில் இடது பக்கம் இருபது எட்டு நடக்கிற தூரத்தில் படுத்திருந்த பெண் சிங்கத்தை ஜெப்ரான் முதலில் பார்த்ததும், தேநீர்ப் பைக்காரன் அதை வைத்து ஒரு வாரம் கிண்டல் செய்ததும் ஞாபகம் வந்தது. அன்று பின்னால் ஆறு பேர் நின்றார்கள், அதில் ஒருத்தி கர்ப்பிணி.

முகாம் மேனேஜர் சிசாலாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே உரிமச் சீட்டைப் பிடுங்கிவிடுவார். நாற்பத்தெட்டு வயசில் யோத்தாமுக்கு வேறு வேலை தெரியாது. பெரிய பெண்ணும் பையனும் சிப்பாட்டா விடுதிப் பள்ளியில் படிக்கிறார்கள். கண் விஷயம் தெரிந்தவன் ஒரே ஒருத்தன்தான்.

அவன் ஜெப்ரான் வீட்டுக்கு நடந்தான். ஜெப்ரான் சோளக்களியும் கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வா, கையைக் கழுவு என்றான். யோத்தாம் உட்காரவில்லை. வழியெல்லாம் வேறு மாதிரி பேச நினைத்திருந்தான். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்:

“அந்தப் பணம் இருக்கே மச்சான். அத மறந்துடு.”

ஜெப்ரான் களியை உருட்டிக்கொண்டே இருந்தான். “நான் ஒண்ணும் கேக்கலையே.”

“நீ கேக்கல. நான் சொல்றேன். உன் பிள்ளைக்கு நான் குடுத்ததா நெனச்சுக்கோ.”

ஜெப்ரான் உருட்டின களி அவன் கையிலேயே இருந்தது. யோத்தாம் திரும்பி நடந்தான்.

அதற்குப் பிறகுதான் பயம் சரியாகப் பிடித்தது. கடன் கொடுத்தவன் கடன்காரனைத் தேடிப் போவான். யோத்தாம் ஒளிந்தான். முகாமில் ஜெப்ரான் வருவதைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெப்ரான் சட்டைப்பையில் கையை விட்டால் பணம்தான் எடுக்கிறான் என்று நினைத்து நகர்ந்துவிட்டான். பணம் திரும்பி வந்தால் அவன் வாய் திறந்துவிடும். எனெலெசிக்கு ஒன்றும் தெரியாது. தம்பி வீட்டு வழியாகப் போகும்போதெல்லாம், ஊரான் காசில் பிள்ளை பெற்றவனே, எங்கள் காசு எப்போது வரும் என்று கேட்டுக் கிண்டல் செய்துவிட்டு வந்தாள். அப்படிக் கேட்காதே என்று யோத்தாம் ஒருநாள் சத்தம் போட்டான். தம்பியிடம் இவனுக்கு இத்தனை பாசமா என்று அவள் ஆச்சரியப்பட்டாள்.

ஜூன் நான்காம் தேதி பாதை திறக்கப் போனார்கள். விருந்தாளிகள் வருமுன் வழிகாட்டியும் துப்பாக்கிக்காரனும் மட்டும் எல்லா நடைபாதையையும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். புல் இன்னும் சாயவில்லை, ஆள் உயரம். பனி ஈரத்தில் முழங்கால் வரை நனைந்தது. ஜெப்ரான் முன்னால் போனான்.

வறண்ட ஓடை ஒன்றுக்கு முன்னால் ஜெப்ரான் கையைத் தூக்கி நின்றான். புது சாணி வாசனை. யோத்தாம் ஆஸ்திரியாக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தான். வலது பக்கப் புதரில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. அவ்வளவு தெளிவை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மெதுவாக இடப்பக்கம் திருப்பினான். அங்கேயும் தெளிவுதான். ஆனால் சாணி போட்ட காட்டெருமை புதருக்குள் இல்லை, புதருக்கு இந்தப் பக்கம், அவன் பார்க்காத புல்லில் படுத்திருந்தது. கண்ணாடி தூரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. கிட்டத்தில் இடது ஓரத்தில் இருந்ததை வெறுங்கண்தான் பிடித்திருக்க வேண்டும்.

அவன் ஜெப்ரானின் தோளை ஒருமுறை தட்டினான். ஒருமுறை என்றால் போகலாம்.

ஜெப்ரான் நான்கு எட்டு வைத்தான். புல் பிளந்தது. கூட்டத்தை விட்டுத் தனியாகத் திரிகிற கிழட்டு எருமைக் காளை, சேறு அப்பின முகம், பதினைந்து எட்டு தூரம்கூட இல்லை. யோத்தாம் கத்த வாயைத் திறந்தான். வெடிச் சத்தம் கேட்டது. ஜெப்ரான் மண்ணைச் சுட்டிருந்தான். காளையின் முகத்துக்கு முன்னால் புழுதி எழும்பியது, அது தலையை வெட்டித் திருப்பி அவனை உரசிக்கொண்டு ஓடையில் இறங்கி ஓடியது. கொம்பு அவன் தண்ணீர்ப் பையைக் கிழித்துக்கொண்டு போனது. பை இடுப்பில்தான் கட்டியிருந்தது.

நெடுநேரம் ஓடைக்குள் கல் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெப்ரான் மண்டியிட்டுத் தோட்டாக் கூட்டைத் தேடினான். சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடு இரண்டு முறை கையிலிருந்து நழுவியது. யோத்தாமைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மாலையில் முகாம் பதிவேட்டில், புல் உயரம், விலங்கு மறைந்திருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். யோத்தாமைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைப் படித்தபோது யோத்தாமுக்குக் காளையைப் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய பயம் வந்தது.

எட்டாம் தேதி மத்தியானம் ஜெப்ரான் யோத்தாம் வீட்டு முற்றத்துக்கு வந்தான். சைக்கிள் இல்லாமல் நடந்து வந்தான். இரண்டு பன்றியையும் சைக்கிளையும் விற்றுவிட்டதாக எனெலெசியிடம் சொன்னான். அவள் சந்தோஷத்தில் அவனுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், கடைசியில் உனக்கும் வெட்கம் வந்ததே என்றாள். அவன் உட்காரவில்லை. சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையை எடுத்து யோத்தாம் முன்னால் பாயில் வைத்தான்.

“எண்ணிக்கோ மச்சான்.”

“நான்தான் வேண்டாம்னேனே.”

“நீ வேண்டாம்னு சொன்னது உனக்காக. முன்னால நடக்குறது நான். உன் காச மடியில வச்சுக்கிட்டு சிசாலாகிட்ட போயி நான் எப்படிப் பேசுவேன்?”

எனெலெசி ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தாள். என்ன பேச்சு இது என்று கேட்டாள்.

யோத்தாம் கெஞ்சினான். இந்த ஒரு வருஷம், இந்த ஒரே வருஷம் என்றான். பிள்ளைகளைப் பற்றிச் சொன்னான். ஜெப்ரான் தலையைக் குனிந்து முழுவதும் கேட்டான்.

“நாளன்னைக்கு எட்டுப் பேரு வர்றாங்க. அதுல ரெண்டு சின்னப் புள்ளைங்க. அன்னைக்கு உன் கை என் தோள்ல பட்டுச்சு பாரு, அந்த இடம் இன்னும் சில்லுன்னு இருக்கு. ராத்திரி துணியப் போத்திக்கிட்டுப் படுக்குறேன், போகல.” குனிந்து பையை யோத்தாம் பக்கம் தள்ளினான். “அந்தக் கண்ணாடிய ஹம்பாயிகிட்டயே திருப்பிக் குடு. கண்ணப் போயிக் காட்டு. ஆனா சிசாலாகிட்ட இன்னைக்கே சொல்லணும். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

எனெலெசி கையை வாயில் வைத்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

யோத்தாம் பையைப் பிரித்தான். நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று கசங்கின நோட்டுகள், சிலவற்றில் பன்றிக் கொட்டகை வாடை. ஒவ்வொன்றாக எண்ணிப் பாயில் அடுக்கினான். எண்ணி முடித்து மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். ஒரு நோட்டாவது குறையக்கூடாதா என்று விரல் ஒவ்வொரு தாளையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தது. ஒன்று குறைந்தால் கடன் இன்னும் தீரவில்லை, இன்னும் ஒருநாள் கிடைக்கும். ஜெப்ரான் அவசரப்படுத்தாமல் நின்றான். மூன்றாவது தடவையும் ஒன்பதாயிரத்து அறுநூற்று ஐம்பது.

“சரியா இருக்கு,” என்றான் யோத்தாம். “வா, நானே சொல்றேன்.”

நோட்டுகளைச் சுருட்டி எனெலெசி கையில் கொடுத்துவிட்டு எழுந்தான். ஜெப்ரான் இடது பக்கமாக வந்து அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டான்.