பதினேழாம் காத்தாடியின் கதவு

தெனம் மத்தியானம் ஒண்ணரைக்கு அந்தக் கதவு தொறக்குது. எனக்குப் பைத்தியம்னு நெனச்சா நெனச்சுக்கோங்க, போங்க.

திருத்தணியில எங்க வீட்டு ஜன்னலத் தொறந்தா மலைப்படி தெரியும். அங்க குந்திகினு, ஐரோப்பாவுல நடுக்கடல்ல நின்னு கரண்டு எடுக்கற அறுபது காத்தாடிக்கு ரிப்பேர் தேதி போடறதுதான் என் வேலை. ஒரு படகு போய் வந்தா லட்சக்கணக்குல செலவு. நாலு வேலையச் சேத்து ஒரே படகுல அனுப்பணும். அத எனக்கு யாரும் கத்துக் குடுக்கல. எங்க வீட்ல மலை ஏறினா மொட்டை, காதுகுத்து, வேண்டுதல் எல்லாம் ஒரே நாள்லதான். ரெண்டு தடவ பந்தி போட நாங்க இன்னா ஜமீனா?

அந்தப் புத்திதான் கெடுத்துச்சு. பதினேழாம் காத்தாடி ஏணியில, ஆளு தவறினா புடிச்சுக்கற கம்பியோட போல்ட் ஒண்ணு தளர்ந்திருந்துச்சு. 'இருபது நாள் தாங்கும், ஆயில் மாத்தறப்ப பாத்துக்கலாம்'னு எழுதினேன். ஒரு படகு மிச்சம்னு மேலதிகாரி பாராட்டினாரு. பதிமூணாம் நாள் ஏதோ ஒயரு பாக்க ஏறினது ஸ்ரீதர் பாவா, தமயந்தி அக்கா புருஷன். போல்ட் தாங்கல. அவரு வரவேயில்ல. அங்க அவருக்கு அந்த வேலைய வாங்கிக் குடுத்ததும் நான்தான், பாவி.

அப்புறம் அந்தக் காத்தாடியப் பூட்டிட்டாங்க. ஆனா அவரு ஏறின அதே நேரத்துக்கு என் கம்ப்யூட்டர்ல தெனம் வருது: கதவு திறந்தது, உள்ளே ஆள் ஒருவர். 'சென்சார் கோளாறு, அடுத்த படகோட சேத்துக்கோ'ன்னாங்க. நான் சேக்கல. திட்டு வாங்கிகினு தனிப் படகே அனுப்பினேன். பூட்டு மேல உப்புப் படிஞ்சு அப்படியே கெடக்காம். சென்சார் நல்லா இருக்காம். மறுநாளும் ஒண்ணரைக்கு வந்துச்சு.

சாவு விழுந்த வீடு ஒரு வருஷம் மலை ஏறக் கூடாது. வருஷத் திதி முடிஞ்சு இன்னிக்கி அக்கா, கொழந்த அம்முவோட வந்தா.

"அம்முவுக்கு மொட்டையும் காதுகுத்தும் ஒண்ணா முடிச்சுடலாமாடி, மோனி?"

"ஒண்ணா வேணாங்கா!" கத்திட்டேன். அப்புறம் அடக்க முடியல. போல்ட்டு, இருபது நாளு, தெனம் தொறக்கற கதவு, எல்லாத்தயும் அழுதுகினே கொட்டிட்டேன். அக்கா அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சிருந்தாத் தேவல.

அவ அம்முவுக்குச் சடை பின்னிகினே சொன்னா. "தெரியும்டி. அன்னிக்கி ஏறறதுக்கு முன்ன போன் பண்ணி, ஏணியில ஒரு போல்ட் ஆடுதாம்னாரு. அப்ப ஏற வேணாங்கன்னேன். 'தேதி போட்டது நம்ம மோனி, இன்னும் ஏழு நாள் இருக்கு, அது போட்டா சரியாத்தான் இருக்கும்'னாரு."



அப்ப கம்ப்யூட்டர்ல டிங்குனு சத்தம். மணி ஒண்ணரை. நான் திரும்பல. அக்காதான் எழுந்து போய், 'உள்ளே ஆள் ஒருவர்'னு வந்திருந்ததப் பாத்தா.

"ஏறிட்டாராடி?"ன்னு கேட்டா.